பேட்டரி ஸ்குரூவா, பசையா? அதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தேன், முடியவில்லை. லேப்டாப் வாங்கி நான்கு வருடம் தாண்டினால் மாற்றிவிடுவதுதான் லாபம் என்கிற மாதிரி அதில் எழுதியிருந்தது. திறந்து ரிப்பேர் பார்க்க முடியுமா என்பதையும் உங்கள் பக்கம் சொல்ல வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இந்தக் கடிதத்தை நான் அடித்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர், 2014-இல் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி வாங்கி வந்து வீட்டில் வைத்து நானே அசெம்பிள் செய்தது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர். 4 ஜிபி ரேமோடு ஆரம்பித்தது, இப்போது 16 ஜிபி. 2018-இல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சிப்பிலேயே எல்லாம் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டேன், அது எழுந்து நின்ற வேகத்தைப் பார்த்து, "புதுசு வாங்கிட்டீயளா?" என்று என் மனைவியே சந்தேகப்பட்டாள். ஓர் ஐப்பசி இடியில், கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி போயிற்று, மறுநாள் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒன்று வாங்கி மாட்டினேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கை கழுவிவிட்டது. விண்டோஸ் 11 என் மெஷினைச் சேர்த்துக்கொள்ளாது, அதற்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும். சரி போ என்று விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டேன். தமிழ்99 விசைப்பலகை அதில் ஒழுங்காக வேலை செய்கிறது, எனக்கு அது போதும்.

நான் எஞ்சினியர் இல்லை, கம்ப்யூட்டர் கடைக்காரனும் இல்லை. கூட்டுறவு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குச் சங்கீதம், எனக்கு இந்தப் பைத்தியம். 1991-இல் மதுரையில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட் கழித்துப் போட்ட பிசி எக்ஸ்டி ரகக் கம்ப்யூட்டர் ஒன்றை இரண்டு மாதச் சம்பளத்துக்கு வாங்கி வந்ததில் ஆரம்பித்தது. 8088 பிராசசர், 640 கேபி ரேம், ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஐந்தேகால் இஞ்ச் பிளாப்பி டிரைவ் இரண்டு, பச்சை எழுத்து மானிட்டர். பிளாப்பி என்கிற காந்தத் தட்டு ஒன்றில் 360 கேபிதான் கொள்ளும். முதலில் மெஷினை இயக்கும் டாஸ் பிளாப்பியைப் போட்டு உயிர் கொடுக்க வேண்டும், அப்புறம் அதை எடுத்துவிட்டு டைப் செய்ய வேர்ட்ஸ்டார் பிளாப்பி. அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டார். ஆயுத பூஜை அன்று மானிட்டர் நெற்றியில் வைத்த சந்தனம் குங்குமம் தை மாதம் வரை இருக்கும், துடைக்க எனக்கு மனசு வராது.

அந்த மெஷின் வந்த மூன்றாவது வாரமே படுத்துவிட்டது. திருநெல்வேலியில் அப்போது அதைத் தொட ஆள் இல்லை. மூடியில் ஐந்து ஸ்குரூ, கழற்றினேன். உள்ளே ரேம் என்பது இப்போது மாதிரி பட்டை இல்லை, கருப்புச் சிப்புகள், வெட்டுக்கிளி மாதிரிக் காலோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும். மெஷின் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்தச் சிப்புகள் சாக்கெட்டை விட்டு மெல்ல மேலே கிளம்பிவிடும். ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அழுத்தினேன், டக் டக்கென்று உள்ளே போயின. சுவிட்சைப் போட்டதும் பச்சை எழுத்து வந்தது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. கம்ப்யூட்டர் என்பது வெள்ளைக்கோட்டு ஆட்களின் பொருள், ஏசி ரூமுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்க்க வேண்டிய பொருள் என்று இருந்த காலத்தில், அதன் நோய் என் பெருவிரலுக்கு அடங்கியது. பின்னால் ரேம் பட்டையாக வந்தபோதும் வைத்தியம் பெரிதாக மாறவில்லை. பீப் பீப் என்று கத்தினால் பட்டையைக் கழற்றி, அதன் தங்கப் பல்லை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டு. பத்துக்கு ஏழு தடவை சரியாகிவிடும். ஊர் ஊருக்கு எத்தனை சர்வீஸ் கடைக்காரர்கள் இந்த இரண்டு ரூபாய் ரப்பரை வைத்து முன்னூறு ரூபாய் வாங்கினார்கள் என்பது வேறு கதை.

உடனே, பழசெல்லாம் பொன் என்று பாட வந்துவிட்டார் கிழவர் என்று நினைக்க வேண்டாம். பழசில் பாதி தலைவலி. மழைக்காலத்தில் பிளாப்பிக்குள் பூஞ்சை பிடிக்கும், அதைத் தெரியாமல் டிரைவில் போட்டால் டிரைவின் ஹெட்டும் அழுக்காகி அடுத்து போடுகிற நல்ல பிளாப்பியையும் கெடுக்கும். மெஷினை நகர்த்தும் முன் ஹார்ட் டிஸ்க்கை 'பார்க்' செய்ய, அதாவது அதன் ஹெட்டை ஓரமாக ஒதுக்கி நிறுத்த, மறந்தால் உள்ளே இருந்ததெல்லாம் சிவசிவா. சவுண்ட் கார்டு மாட்டிய ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது, பிராசசரைக் கூப்பிட ஒவ்வொரு கார்டுக்கும் தருகிற ஐஆர்க்யூ எண் 5 என்றால் இது பேசாது, 7 என்றால் பிரிண்டர் பேசாது. இடி இடித்தால் முதலில் ஓடிப்போய் இன்டர்நெட்டுக்காக வைத்திருந்த மோடத்தின் டெலிபோன் வயரைப் பிடுங்க வேண்டும், ஒரு வருடம் மறந்து இரண்டு மோடத்தைப் பறிகொடுத்தேன். நான் அந்தக் காலத்தில் டைப் செய்து வைத்த தெருக்கோயில் கொடை நோட்டீஸ்களை இப்போது திறந்தால் ஆங்கில எழுத்தைக் கொட்டிக் கலைத்த மாதிரி வருகிறது, ஆளுக்கொரு எழுத்துருவும் ஆளுக்கொரு குறியீடும் வைத்திருந்தோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் விசைப்பலகையைத் தரப்படுத்தி, அப்புறம் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடும் பரவி, இன்றைக்கு என் பேத்தி போனில் தமிழில் அடிப்பதை அதே தமிழாக நான் இங்கே படிக்கிறேன் என்றால் அது புதுசின் அருமை. மறுக்கவே மாட்டேன்.

ஆனால் அந்தத் தலைவலி எல்லாவற்றிலும் ஒரு விஷயம் என் பக்கம் இருந்தது. மூடியைத் திறக்க முடிந்தது.

ரிச்சி தெருவுக்கு நான் போன கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். லாட்ஜ் எல்லாம் கிடையாது, ஸ்டேஷனிலேயே பல் தேய்த்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, கடை திறக்கும் வரை சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் சுற்றிவிட்டு, பத்தரைக்கு உள்ளே நுழைந்தால் மத்தியானம் வரை சட்டைப்பையில் இருக்கும் லிஸ்டை வைத்துக்கொண்டு நான்கு கடையில் விலை கேட்டு, ஐந்தாவது கடையில் வாங்குவேன். கவுன்டரிலேயே, எல்லாப் பாகமும் வந்து மாட்டும் மதர்போர்டைப் பெட்டி மேல் கிடத்தி, பிராசசரும் ரேமும் மாட்டி, ஸ்குரூ டிரைவர் நுனியால் இரண்டு முள்ளைத் தொட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்கள். திரும்பும்போது பதினைந்து இஞ்ச் மானிட்டர் பெர்த்தில் படுத்துவரும், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். 1999-இல் இப்படித்தான் செலரான் 300ஏ பிராசசர் கொண்டுவந்தேன். 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்றார்கள், போர்டில் தகவல் ஓடும் பாதையான பஸ்ஸின் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் அதே சிப் 450-இல் ஓடும். உலகம் முழுக்க இந்தப் பைத்தியங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் அது ஓடியதா என்றால் ஓடியது, பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்து நான் விசிறியால் விசிறிக்கொண்டேன்.

விலையைப் பற்றி உங்கள் கட்டுரை சொன்னதில் எனக்கு ஒப்புதல் இல்லாத இடம் ஒன்று உண்டு. புது மாடல் வர வர விலை குறையும், காத்திருந்து மாற்றுவது நல்லது என்று இருந்தது. முப்பது வருடமாக விலைச்சீட்டு சேர்த்து வைக்கிறவன் நான், அது அப்படி நேர்கோட்டில் இறங்கியதே இல்லை. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிட்டோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது, சிப்பை மூடுகிற ஒரு பிசின் அங்கேதான் பெரும்பகுதி தயாரானது, உடனே உலகமெங்கும் ரேம் விலை ஏறியது. 1999 செப்டம்பரில் தைவான் பூகம்பம், மறுபடியும் ரேம். 2011 கடைசியில் தாய்லாந்து வெள்ளம், ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் தண்ணீரில் நின்றன, ரிச்சி தெருவில் நான் கேட்டு வைத்திருந்த விலை இரண்டு மடங்கானது. 2025 கடைசியிலிருந்து பாருங்கள், ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி முழுவதையும் அள்ளிக்கொண்டு போவதில் ரேம் விலை விஷமாக ஏறியிருக்கிறது. இந்த நேரத்தில் பழைய மெஷினில் காலியாக ஒரு ரேம் ஸ்லாட் இருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அவன் பழைய பட்டை ஒன்றைத் தேடிப் பிடித்துச் செருகிக்கொண்டு ஒரு வருடம் காத்திருப்பான். ரேமை போர்டோடு சேர்த்து ஒட்டிய லேப்டாப் வைத்திருப்பவன் என்ன செய்வான்?

கெப்பாசிட்டர் நோய் உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 2000-த்தை ஒட்டிய வருடங்களில் வந்த பல மதர்போர்டுகளில், கரண்டைத் தேக்கிக் கொடுக்கும், சுண்டுவிரல் தடிமனில் நிற்கும் கெப்பாசிட்டர்கள் உள்ளே இருக்கும் திரவத்தின் தரக்குறைவால் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்து, மெஷின் தானாக அணைந்து அணைந்து எரியும். ஒரு கம்பெனி என்றில்லை, பலருக்கும் வந்தது. 2004-இல் என் போர்டில் ஆறு கெப்பாசிட்டர் உப்பின. கடைக்காரர் புதுப் போர்டு போடச் சொன்னார். நான் ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒரு அண்ணாச்சியிடம் போர்டைக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரை அவர் வாழ்நாளில் திறந்ததில்லை. உற்றுப் பார்த்துவிட்டு, "இது நம்ம கெப்பாசிட்டர்தானவே, இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்றார். அதே அளவில், அதே வோல்ட்டில் ஆறு வாங்கிக் கொடுத்தேன், நாற்பது நிமிடத்தில் பற்றவைத்துக் கொடுத்தார், கூலி அறுபது ரூபாய். அந்தப் போர்டு இன்னும் ஐந்து வருடம் ஓடியது.

இனி போனுக்கு வருகிறேன், உங்கள் பக்கம் முக்கால்வாசி போன் பற்றித்தானே.

2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் எச்சரிக்கை விட்டது. பிஎல்-5சி பேட்டரிகளில், ஜப்பானின் மட்சுஷிட்டா செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளில் சில, சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம், வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று. டிவியில் செய்தி வந்த அன்று எங்கள் வங்கியில் வேலையே நடக்கவில்லை. எல்லோரும் போனின் முதுகைத் தள்ளித் திறந்து, பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, அதில் இருந்த 26 எழுத்து எண்ணைக் கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தோம், கஸ்டமர் உட்பட. என்னிடம் இருந்தது நோக்கியா 1100, உலகத்தில் 25 கோடிக்கு மேல் விற்ற, தலையில் டார்ச் லைட் வைத்த அந்த போன். என் பேட்டரி அந்தப் பட்டியலில் இல்லை. எதிர் சீட்காரர் பேட்டரி இருந்தது, அதை மட்டும் மாற்றிக்கொண்டார், போன் அவரிடமே இருந்தது.

ஒன்பது வருடம் கழித்து 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7. அதிலும் பேட்டரிதான் கோளாறு. ஆனால் பேட்டரி போனுக்குள் ஒட்டி மூடப்பட்டிருந்தது. செப்டம்பரில் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பக் கேட்டார்கள், பேட்டரியை அல்ல, முழுப் போனை. மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடிக்க, அக்டோபரில் அந்த மாடலையே இழுத்து மூடினார்கள். ஒரு கைப்பிடிச் சாமானில் குறை என்று 4 கோடியே 60 லட்சம் பேரின் போனைக் காப்பாற்ற முடிந்தது 2007-இல். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத எண்ணிக்கையை 2016-இல் காப்பாற்ற முடியவில்லை. இடையில் போனில் எத்தனையோ வளர்ந்தது, பின்மூடி மட்டும் மூடிக்கொண்டது.

என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். மகளின் லேப்டாப், வாங்கி மூன்றரை வருடம், டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு கிளிக் ஆகவில்லை. பேட்டரி உப்பி அடியிலிருந்து தள்ளுகிறது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. சர்வீஸ் சென்டரில் பேட்டரி மட்டும் தர முடியாது, கீபோர்டோடு மேல்பாகம் மொத்தமாக மாற்ற வேண்டும், 11,800 ரூபாய், பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பெண் அதோடு, "சார், நாலு வருஷம் ஆகப்போகுது, இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிரலாமே" என்றாள், உங்கள் கட்டுரைதான். வீட்டுக்கு எடுத்துவந்து மார்க்கெட் பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் தம்பியோடு உட்கார்ந்து திறந்தேன். கீழ் மூடியில் எட்டு ஸ்குரூ கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டு தெரியவில்லை, ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதைத் தெரியாமல் நெம்பியவர்கள் மூடியை உடைத்திருப்பார்கள். உள்ளே பேட்டரிக்கு ஸ்குரூ கிடையாது, இருபக்கப் பசை டேப். "அண்ணாச்சி, ஸ்குரூ டிரைவரால நெம்பிராதீய, குத்திச்சின்னா தீப்பிடிச்சிரும்" என்று அவன் கையைப் பிடித்துவிட்டான். சார்ஜை முழுக்க இறக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டு, தூண்டில் நரம்பை பேட்டரிக்கு அடியில் விட்டு இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல மெல்ல அறுத்தோம், தேங்காய் நாரால் அல்வாத்துண்டு அறுப்பது மாதிரி. ஒன்றரை மணி நேரம். புது பேட்டரி 2,400. அந்த லேப்டாப் இப்போதும் மகளிடம் ஓடுகிறது. (உப்பிய பேட்டரியை வாசகர்கள் தயவுசெய்து தனியாகத் தொட வேண்டாம், நாங்கள் இருவரும் பயந்துகொண்டுதான் செய்தோம்.)

பேட்டரிக்குப் பசை வைப்பதற்கும் ரேமுக்குச் சாக்கெட் வைக்காததற்கும் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. போனில் தண்ணீர் புகாமல் இருக்கப் பசை உதவுகிறது, நானே போனை ஒருமுறை தாமிரபரணியில் நனைத்து எடுத்திருக்கிறேன். மின்சாரம் குறைவாகக் குடிக்கும் ரேம் வகைகள் பிராசசருக்கு ஒட்டினாற்போல் இருந்தால்தான் வேகத்தில் நிலையாக ஓடும். ஆனால் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள், எல்பிகேம்2 என்று ஸ்குரூ போட்டுக் கழற்றுகிற அந்த ரேம் 2024-இலேயே லேப்டாப்பில் வந்துவிட்டது. ஐரோப்பிய யூனியனில், சில விலக்குகள் தவிர, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கப் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும் என்று சட்டம். போன், டேப்லெட்டுகளுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் முக்கிய உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்பது 2025 ஜூனிலிருந்தே நடைமுறை. நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. ஆக, முடியாது என்பது பொய், கேட்கிறவன் இல்லை என்பதுதான் நிஜம்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது ஸ்ரீபெரும்புதூர். நோக்கியா தொழிற்சாலை அங்கே 2006-இல் வந்தது, 2014-இல் மூடினார்கள், இப்போது அதே ஊர்ப் பக்கம் வேறு தொழிற்சாலையில் ஐபோன் தயாராகிறது. நம் மாவட்டங்களிலிருந்து போகிற பெண் பிள்ளைகள் ஷிஃப்ட் போட்டு அந்த போனை ஒவ்வொரு ஸ்குரூவாக முடுக்குகிறார்கள். அதே பிள்ளையின் ஊரில், அதே போனைத் திறந்து மூட உரிய சாமானும் விவரப் படமும் கிடைக்காமல் கடைத் தம்பி யூடியூப் பார்த்துத் தடவுகிறான்.

சரி, நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வாரமும் போனுக்கும் லேப்டாப்புக்கும் மதிப்பெண் போடுகிறீர்கள், மெகாபிக்சல், வாட், ஜிபி, எடை எத்தனை கிராம் என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அந்தக் கட்டத்தில் இன்னும் நான்கு வரிக்கு இடம் விடுங்கள். பேட்டரி ஸ்குரூவில் நிற்கிறதா பசையில் நிற்கிறதா, ரேமும் எஸ்எஸ்டியும் கழலுமா கழலாதா, வாரன்டி முடிந்த பிறகு பேட்டரி மாற்ற அந்தக் கம்பெனியின் சொந்த சென்டரில் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு சாஃப்ட்வேர் அப்டேட் தருவதாக எழுத்தில் சொல்கிறார்கள். சென்டருக்கு ஒரு போன் போட்டால் விலை தெரிந்துவிடும். சொல்ல மறுத்தால், சொல்ல மறுத்தார்கள் என்று அச்சில் போடுங்கள், அதுவே வாங்குகிறவனுக்கு ஒரு தகவல்.

இன்னொன்று. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வருடத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு அறிவித்ததே, அது சின்ன எண்ணிக்கையா? அவ்வளவு வாங்குகிறவர் சொன்னால் எந்தக் கம்பெனியும் கேட்கும். 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த மெஷின்கள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன, தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையில் வந்துவிடும், ரேமைப் போட்டுக் கொடுத்தால் இன்னும் மூன்று வருடம் பிள்ளை ஓட்டும். இனி அரசு டெண்டர் விடும்போது, பேட்டரியும் ரேமும் எஸ்எஸ்டியும் சாதாரண ஸ்குரூ டிரைவரால் கழல வேண்டும், திறக்கும் முறை தமிழில் படத்தோடு பொதுவில் இருக்க வேண்டும், உதிரிபாகத்தை மாவட்டத்துக்கு ஒரு கடையிலாவது விற்க வேண்டும் என்று மூன்று வரி சேர்க்கச் சொல்லி உங்கள் தலையங்கத்தில் எழுதினால், நான் எழுதுவதைவிட அது சென்று சேரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி கிளார்க், முப்பத்து மூன்று வருடக் கம்ப்யூட்டர் பைத்தியம்,
பாளையங்கோட்டை.

பி.கு.: முப்பத்து மூன்று என்று கை பழக்கத்தில் அடித்துவிட்டேன், 1991-லிருந்து கணக்குப் போட்டால் அதற்கும் மேல். அப்புறம், உங்கள் கட்டுரையோடு ஒரு லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்துப் படம் போட்டிருந்தீர்கள், அதன் அடியில் ஸ்குரூ குறைவாகத் தெரிகிறதே என்று பார்த்தேன். பின்பக்க ரப்பர் பட்டையை ஓரத்திலிருந்து மெல்ல உரித்துப் பாருங்கள், அங்கே இரண்டு இருக்கும்.